சீஃப்பைத் திட்டுபவரும் திட்டாதவரும்

எம்.எஸ். அறுவை சிகிச்சைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது, எந்தக் கல்லூரி முதலில் வேண்டும், எது இரண்டாவது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுபதுகளின் நடுவில் நான் ஹவுஸ் சர்ஜன். இரண்டு கல்லூரிகள் மனத்தில் இருந்தன. ஒன்று பழையது, அங்கே அறுவை சிகிச்சை யூனிட்டின் தலைவராக இருந்த சீஃப்பின் பெயரைச் சொன்னால் மற்ற டாக்டர்கள் எழுந்து நிற்காத குறைதான். இன்னொன்று புதியது, அதைப் பற்றி யாரும் எதுவும் சொல்வதில்லை.

அந்தச் சமயம் அக்கா மகனுக்குத் திருத்தணியில் மொட்டையடித்துக் காது குத்தினார்கள். இரண்டு கல்லூரிகளிலும் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்த சீனியர்களில் கல்லூரிக்கு ஒருவராக அழைத்தேன். விசாரிப்பதற்குத்தான்.

படியேறும்போது பழைய கல்லூரிக்காரரிடம் கேட்டேன்.

"உங்க யூனிட் எப்படி சார்?"

அவர் பின்னால் திரும்பிப் பார்த்தார். காவடி தூக்கி வந்த ஒரு பெரியவரைத் தவிர யாருமில்லை.

"சீஃப் தங்கமான மனுஷர். எல்லா ஆபரேஷனையும் அவரே செய்வார். நாங்க பார்த்துக் கத்துக்கறோம்."

"என்னை மாதிரி பொம்பளைங்களைச் சேர்த்துப்பாரா?"

"பொம்பளைங்களுக்கு எதுக்கு சர்ஜரின்னு கேப்பார். அன்பாத்தான் கேப்பார்."

புதிய கல்லூரிக்காரரிடம் நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. தன் சீஃப் கையுறைக்குக் கஞ்சன், வாய் சரியில்லை, ராத்திரி கேஸ்களை எல்லாம் தன் தலையில் கட்டுகிறார் என்று திட்டிக்கொண்டே வந்தார். சந்நிதிக்குள்தான் வாயை மூடினார். பழைய கல்லூரிதான் என்று முடிவு செய்துகொண்டேன்.

இறங்கும்போது யாரோ மிகுந்த பக்தியுடன் தேங்காயை அடித்தார். சில்லு தெறித்து, அக்கா வீட்டுக்காரரான பாவாவின் புருவத்துக்கு மேல் கிழித்துவிட்டது.

"கண்ணு இருக்குதா பாரு!" என்றார் பாவா.

"இருக்குது பாவா."

கீழே இருந்த சின்ன ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நர்ஸம்மா தையல் தட்டை எடுத்து வைத்தார். பழைய கல்லூரிக்காரர் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்.

"எங்க சீஃப் இருந்தா பிரமாதமா போட்டிருப்பார்."

"நீங்க போடுங்க சார்."

"எனக்கு நூல் வெட்டித்தான் பழக்கம்" என்றார் மெல்ல. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"டாக்டருங்க மூணு பேரு பேசிகினே இருக்கீங்க. யாருனா ஒருத்தர் தைங்க" என்றார் பாவா.

புதிய கல்லூரிக்காரர் ஊசிபிடியை என் கையில் கொடுத்தார். "நீ போடு. புருவம் கோணாம பாத்துக்க. நான் பக்கத்துல இருக்கேன்."

முதல் தையல் கோணலாக விழுந்தது. அவர் ஊசியைப் பிடுங்கவில்லை. "அதை எடுத்துட்டு மறுபடி போடு" என்று மட்டும் சொன்னார். போட்டேன். புருவம் நேராகச் சேர்ந்தது.

"இப்படிச் சொல்லிக் கொடுக்க யார்கிட்ட சார் கத்துக்கிட்டீங்க?"

"வேற யாரு, அந்த ஆள்தான்" என்று விட்ட இடத்திலிருந்து திட்டத் தொடங்கினார்.

புதிய கல்லூரியை முதலில் எழுதினேன். அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, பிடிக்கவில்லை.

"பேரு இல்லாத காலேஜுக்கு எதுக்கும்மா போற?"

"அங்கே சீஃப்பைத் திட்டலாம் நைனா."

"ஊட்ல இருந்துகினே திட்டலாமே."

இடம் கிடைத்தது. சீஃப்பைப் பற்றி அந்த சீனியர் சொன்னதெல்லாம் உண்மை. கையுறைகளைத் துவைத்து, ஓட்டை பார்த்து, மறுபடி போடச் சொல்வார். நான் சேர்ந்து சில வாரங்களில், ஒரு குடலிறக்க ஆபரேஷனில் கத்தியை என் கையில் கொடுத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றார். தொடக்கம் முதல் முடிவுவரை முணுமுணுத்தார். கையை மட்டும் உள்ளே விடவில்லை.

நோயாளி கனகம்மாசத்திரத்து விவசாயி. மறுநாள் அவர் கட்டிலருகே சீஃப் வந்து நின்றார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"கட்டு எதுக்கு இவ்வளவு பெரிசு? பஞ்சு என்ன சும்மாவா வருது?" என்று கேட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

விவசாயி என்னைப் பார்த்து, "பெரிசாவே இருக்கட்டும்மா, கதகதன்னுகீது" என்றார்.