மஞ்சள் விளக்கு எரியும் நேரம்

மாநகராட்சி வருவாய்ப் பிரிவில் அவளுக்கு ஜோசியக்காரி என்று பெயர். வைத்தவள் பக்கத்து மேசை டைப்பிஸ்ட். கட்டட அனுமதி, தண்ணீர் இணைப்பு, அபராதம் என்று எதில் அடுத்த வருஷம் எவ்வளவு வரும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வதுதான் வேலை. பெரும்பாலும் பிசகாது.

அந்த வருஷம் கட்டட அனுமதி படுத்துவிட்டது. பட்ஜெட்டில் பெரிய துண்டு விழுந்தது. கணக்கு அதிகாரி அவள் மேசைக்கே வந்தார்.

"சிக்னல் அபராதத்தைக் கொஞ்சம் ஏத்திப் போடும்மா."

"கேமரா வெச்சதுலேர்ந்து ஜனங்க ஒழுங்கா நின்னு போறாங்க சார். எப்படி ஏறும்?"

"நீ எழுது. வர்றதை நாங்க பாத்துக்கறோம்."

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள்.

மாதாமாதம் வசூல் ஏறியது. ஒருநாள் புருஷனும் அபராதச் சீட்டோடு வந்தான்.

"நான் ஓட்டற வேகத்துக்கு ஆமையே பின்னாலேர்ந்து ஹாரன் அடிக்கும். எனக்கு அபராதமா? ஆஸ்பத்திரி முக்குல மஞ்சள் எரிஞ்சு கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சிவப்பு விழுந்துடுது."

மறுநாள் கேண்டீனில் சிக்னல் மெக்கானிக்கைப் பிடித்தாள்.

"மஞ்சள் எரியற நேரத்தைக் குறைக்கச் சொல்லி உத்தரவு, அக்கா," என்றான் அவன். "உங்க பிரிவுலேர்ந்துதானே வந்துச்சு? உங்களுக்கே தெரியாதா?"

சாயங்காலம் புருஷனிடம், "இனிமே ஆஸ்பத்திரி முக்கு வேணாம், பாலத்தைச் சுத்திப் போங்க," என்றாள். ஏன் என்று கேட்டதற்கு, "சொன்னாக் கேளுங்களேன்." வேறு யாரிடமும் மூச்சு விடவில்லை.

மழை பிடித்த வாரம், அதே முக்கில் டைப்பிஸ்ட் மஞ்சளைப் பார்த்து, அபராதத்துக்குப் பயந்து ஸ்கூட்டரைச் சட்டென்று நிறுத்தினாள். பின்னால் வந்த லாரியால் நிற்க முடியவில்லை. உயிர் தப்பியது. இடது கால் தப்பவில்லை.

ஜோசியக்காரி நேராக அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"மஞ்சளைப் பழையபடி வைக்கச் சொல்லுங்க சார். இல்லேன்னா நான் வெளிய சொல்லிடுவேன்."

"தாராளமா சொல்லு. தொகைக்குக் கீழ இருக்கிறது உன் கையெழுத்து." அவர் குரல் உயரவே இல்லை. "அடுத்த வருஷம் எல்லா முக்குலயும் கேமரா வருது. எவ்வளவு தேறும்னு திங்கக்கிழமை சொல்லிடு."

அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், டைப்பிஸ்டின் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

டைப்பிஸ்ட் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "உனக்கு எப்போ தெரியும்?"

"மழைக்கு முன்னாடியே."

டைப்பிஸ்ட் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஜோசியக்காரி எழுத மறுத்தாள். மத்தியானத்துக்குள் வேறொருவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அவள் வீடு திரும்பியபோது, தெருமுனையில் கேமராக் கம்பத்துக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.