உருளைக்கிழங்குத் தோட்டமும் ஓம் என்கிற பொத்தானும்

முழங்கால் மடங்காமல் போன பிறகு நான் தோட்டம் செய்வது கொம்பியூட்டரில்தான். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். தம்பியின் மகன் வெளிநாடு போகும்போது அந்தப் பெட்டியை அளவெட்டியில் என் வீட்டு முன்னறையில் விட்டுப் போனான். உள்ளே ஒரு கமக்கார விளையாட்டு இருந்தது. உழலாம், விதைக்கலாம், மாடு வளர்க்கலாம். சமையலை முடித்துவிட்டு அதில் இருப்பேன். அதற்குள் பற்றைக்காடு பிடித்துக் கிடந்த நிலத்தை நான்கு வருடமாகத் திருத்திப் பதினொரு தோட்டமாக்கினேன். ஒருவரிடமும் உதவி கேட்கவில்லை.

உருளைக்கிழங்கு கிண்டுகிற பருவத்தில் நின்றபோது, ஒரு நாள் காலை விளையாட்டைத் திறந்தால் தோட்டம் வரவில்லை. கறுத்த திரையில் சின்னதாக ஒரு கட்டம், அதற்குள் இங்கிலிஷ் எழுத்து. எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்க வரும். இங்கிலிஷ் வராது. என் தோட்டத்துப் படலைக் கதவை யாரோ பூட்டிக்கொண்டு போனதுபோல இருந்தது.

சந்தியில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கும் பெண்ணைக் கூப்பிட்டேன். ஸ்கூட்டியில் வந்து பார்த்தாள்.

"ஒண்டும் பழுதில்லை, அம்மா."

"பழுதில்லாட்டில் ஏன் திறக்குதில்லை?"

"விளையாட்டு இன்ரநெற்றாலை தன்ரை பாட்டிலை புதுசாகிட்டுது. தோட்டத்தையும் மாட்டையும் திரையிலை படமாய்க் கீறிக் காட்டுறது உள்ளுக்கை கிடக்கிற வேறையொரு மென்பொருள். கிராபிக்ஸ் ரன்டைம் எண்டு சொல்லுறது. அது இன்னும் பழசு. அதையும் புதுசாக்கினால் சரி."

"விளையாட்டைப் புதுசாக்கச் சொல்லி ஆர் சொன்னது? நான் சொல்லேல்லையே."

"ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. அது தானாய் நடக்கும்."

தானாய் நடந்தது என்று சொல்லப்பட்ட எத்தனையோ காரியங்களுக்குப் பின்னால் ஓர் ஆள் நின்றதைக் கண்டவள் நான்.

அவள் இணையத்திலிருந்து எதையோ இறக்கினாள். திரை நிறைய எழுத்து வந்தது. அடியில் ஒரு பொத்தான்.

"இதை அமத்துங்கோ அம்மா."

"என்ன எழுதிக் கிடக்கு?"

"சம்மதம் எண்டு. ஓம் எண்டு சொல்லுறது மாதிரி."

"எதுக்குச் சம்மதம்?"

அவள் சிரித்தாள். "உதை ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. உலகம் முழுக்க வாசிக்காமல்தான் அமத்துது."

என் தாயும் வாசிக்காமல்தான் ஒரு தாளில் கைநாட்டு வைத்தார். அதோடு எங்கள் கிணற்றுப் பங்கு போயிற்று. பிறகு சொந்த வீட்டுக் கத்தரிக்கு அடுத்தவனைக் கேட்டுத் தண்ணீர் இறைத்தோம். அன்றிலிருந்து, இன்னொருவர் வாசித்துச் சொல்லாமல் நான் ஒரு தாளிலும் கையெழுத்து வைத்ததில்லை. திரையில் வந்தாலும் தாள் தாள்தான்.

"மச்சான் வந்து வாசிக்கட்டும்" என்றேன்.

"அம்மா, எனக்குக் கடை கிடக்கு."

"இரு பிள்ளை. தேத்தண்ணி வைக்கிறன்."

அவள் ஏன் அவ்வளவு அவசரப்பட்டாள் என்று விளங்கவில்லை. மவுஸைத் தூக்கி என் மடியில் வைத்துக்கொண்டேன்.

மச்சான் இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். காணிப் பத்திரம் பதிகிற நொத்தாரிசு ஒருவரிடம் வேலை பார்த்து, காலம் முழுக்கக் காணி உறுதி எழுதியவர். கூப்பிட்டதும் மூக்குக்கண்ணாடியோடு வந்தார்.

"என்ன மச்சாள், புதுக் காணிக்கு உறுதி எழுதுறீரோ? சீதனத்துக்கோ? இனித்தான் உமக்குக் கலியாணம் பேசப் போகினமோ?"

"பகிடியை விட்டிட்டு வாசியுங்கோ."

உறுதி வாசிக்கிற அதே குரலில் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். "இது உமக்கு வித்ததில்லையாம். பாவிக்க மட்டும் விடுகினமாம். சொந்தம் அவையின்ரைதானாம்."

"குத்தகை."

"ஓம், குத்தகைதான். இதைப் போட்டு ஏதும் அழிஞ்சால் அவை பொறுப்பில்லையாம்."

நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். "என்ரை தோட்டம் அழியுமோ?"

"அழியாதம்மா. அது வேறை இடத்திலை சேமிச்சுக் கிடக்கு. பயமெண்டால் பென் டிரைவிலை ஒரு பிரதி எடுத்துத் தாறன்."

எடுத்துத் தந்தாள். வாங்கி முந்தானையில் முடிந்தேன். ஆனாலும் சின்ன விரலளவு ஒன்றுக்குள் பதினொரு தோட்டமும் மாடும் இருக்கிறது என்றால் யார் நம்புவது?

மச்சான் அடிப்பகுதிக்கு வந்ததும் நின்றார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"இஞ்சை பாரும் மச்சாள். வேறையொரு மென்பொருளையும் சேத்துப் போடச் சம்மதமெண்டு கட்டத்துக்குள்ளை சரி போட்டுக் கிடக்கு."

"நான் சரி போடேல்லையே!"

"நீர் போடேல்லை. போட்டபடிதான் வந்திருக்கு."

அந்தப் பெண் குனிந்து பார்த்தாள். முகம் மாறிவிட்டது. "நான் இதைக் கவனிக்கேல்லை, அம்மா. எத்தினை பேருக்கு இப்பிடியே போட்டுக் குடுத்திருப்பன்."

மச்சானே பகிடியை நிறுத்தியிருந்தார். மவுஸை மடியிலிருந்து எடுத்து, அந்தச் சரிக் குறியை என் கையாலேயே அழித்தேன்.

"குத்தகைக் காணியிலை விளைஞ்சது விதைச்ச ஆளுக்கு இல்லையெண்டு எங்கையும் எழுதிக் கிடக்கோ?"

"அப்பிடி ஒண்டும் இல்லை."

"அப்ப காணும், அது போதும்."

அழுத்தினேன். பச்சைக் கோடு மெல்ல மெல்ல நீண்டது.

தோட்டம் வந்தது. நான் கிழங்கைப் பார்க்கவில்லை. முதலில் எல்லையைச் சுற்றி வந்தேன். நான்கு மூலையும் இருந்த இடத்தில் இருந்தன. மாடுகள் ஏழும் நின்றன. ஆனால் மேற்குப் பக்க மரங்களின் கீழே கறுப்பாக ஏதோ கிடந்தது. நிழல். என் கிழங்குக்குள் எட்டு வரிசைக்கு வந்திருந்தது.

"உது ஆர் வைச்ச மரம்?"

"மரம் முந்தியே நிண்டது, அம்மா. இப்பதான் நிழலும் கீறுது. புது ரன்டைம் அல்லோ."

"அப்ப இவ்வளவு நாளும் நிழல் விழாமலோ நிண்டது?"

மச்சான் தொண்டையைச் செருமினார். "உதைப் பற்றித் தாளிலை ஒண்டும் எழுதேல்லை, மச்சாள்."

அவர்கள் போன பிறகு, நிழல் விழுந்த எட்டு வரிசையையும் முதலில் தனியாகக் கிண்டினேன். பிறகு வெயிலில் நின்ற எட்டு வரிசையைக் கிண்டினேன். இரண்டு பக்கத்து விளைச்சலின் நிறையும் ஒன்றாகவே இருந்தது. ஒரு கிழங்கும் குறையவில்லை.

அதுதான் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. நிழலில் நின்ற கிழங்கு குறையத்தானே வேண்டும்.