பல்லேகமவுக்கு மூன்று செத்த பேட்டரிகளுடன்

கடந்த பெப்ரவரியின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை மாத்தளையிலிருந்து பல்லேகமவுக்குப் பஸ்ஸில் போய் அன்றே திரும்பினேன். ஒரு வழிக்கு ஏறத்தாழ அறுபது கிலோமீற்றர். இந்தப் பாதையில் போகிறவர்கள் பெரும்பாலும் ரிவர்ஸ்டன் மலையைப் பார்க்கத்தான் போவார்கள். நான் ஒரு பேட்டரியைத் தேடிப் போனேன். ஆகவே இயற்கைக் காட்சிக்காகப் போகிறவர்களுக்கு இந்தக் கட்டுரை எவ்வளவு பயன்படும் என்று தெரியவில்லை. ட்ரோன் வைத்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் பயன்படலாம்.

மெல்பேர்னில் இருக்கும் மகன் நான் ஓய்வுபெற்ற பிறகு ஒரு சிறிய ட்ரோன் வாங்கிக் கொடுத்தான். அதை வீட்டுக்கு வெளியே நான் ஒரே ஒரு தடவைதான் பறக்கவிட்டிருக்கிறேன். என் மனைவி சரோஜாவோடு ரிவர்ஸ்டனுக்குப் போன அன்று. மெமரி கார்டை மேசையிலேயே மறந்துவிட்டிருந்தேன். படம் ட்ரோனின் உள் நினைவகத்தில்தான் பதிந்தது. காற்றுக்குப் பயந்து நாற்பத்தேழு வினாடியில் இறக்கிவிட்டேன். முழுதாகச் சார்ஜ் செய்யாமல் கொண்டுபோன பேட்டரியிலும் அறுபத்திரண்டு சதவீதம் மிச்சம் இருந்தது. "இவ்வளவு தூரம் வந்து இவ்வளவு நேரந்தானா?" என்று சரோஜா கேட்டாள். மிச்சத்தை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம் என்றேன். இரண்டு மாதமும் பத்து நாளும் கழித்து அவள் காலமானாள்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் ட்ரோனை அலுமாரியில் வைக்க நினைத்தேன். முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவன் நான். பேட்டரியை முழுவதும் இறக்கிவிட்டுத்தான் எடுத்துவைக்க வேண்டும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். அது பழைய நிக்கல் பேட்டரிகளுக்கு உரிய பாடம். ட்ரோனில் இருப்பது லித்தியம். அந்த வித்தியாசம் எனக்குத் தோன்றவில்லை. மூன்று பேட்டரிகளையும் ஒவ்வொன்றாகப் போட்டு, ட்ரோன் தானாக அணையும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கொப்பியில் "ஒன்று காலி, இரண்டு காலி, மூன்று காலி" என்று எழுதினேன். அந்த நேரத்திலேயே படத்தைப் பிரதி எடுத்திருக்கலாம். அதைப் பார்க்க அன்று எனக்குத் தைரியம் இல்லை.

பதினைந்து மாதம் கழித்து தைரியம் வந்தபோது சார்ஜரில் ஒரு விளக்கும் எரியவில்லை. மூன்றாவது பேட்டரி வயிறு ஊதிக் கிடந்தது. பேட்டரி இல்லாமல் ட்ரோன் விழிக்காது. ட்ரோன் விழிக்காமல் படம் வெளியே வராது. சரோஜா நடமாடும் படம் என்று என்னிடம் இருப்பது அது ஒன்றுதான்.

மாத்தளையில் இரண்டு கடையிலும் கண்டியில் ஒரு கடையிலும் விசாரித்தேன். அந்த மாடல் இனி வராது என்றார்கள். ஒரு போன் திருத்துகிறவர், வேறொரு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து உசுப்பித் தருவதாகச் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். நான் எப்போதும் சொல்வது அதுதான். கடைசியில் ட்ரோன்காரர்களின் குழு ஒன்றில் மகன் கேட்டுப் பார்த்து, அதே மாடல் வைத்திருக்கும் சுனில் என்பவரைப் பல்லேகமவில் கண்டுபிடித்தான். அவரிடம் பேச வேண்டியதைக் கடதாசியில் சிங்களத்தில் எழுதி வைத்துக்கொண்டுதான் போன் எடுத்தேன். இரண்டாவது வரியிலேயே அவர் "வாங்க" என்று தமிழில் சொல்லிவிட்டார்.

பஸ் மாத்தளையிலிருந்து காலை 6.25க்கு என்றார்கள். 6.40க்குப் புறப்பட்டது. கட்டணம் 250 ரூபா. நான் ஐந்தே முக்காலுக்கே போய் நின்றதால் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பேட்டரிகளை எப்படிக் கொண்டுபோவது என்று இரண்டு நாள் யோசித்து, மூன்றடுக்கு டிபன் கேரியரில் அடுக்குக்கு ஒன்றாக, துணி சுற்றி வைத்திருந்தேன். ட்ரோன் தோள்பையில் இருந்தது. ஊதிய பேட்டரியைப் பஸ்ஸில் கொண்டுபோனது தப்பு. நீங்கள் செய்யாதீர்கள்.

பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து அம்மா வந்து உட்கார்ந்தார். மடியில் இருந்த கேரியரைப் பார்த்தார்.

"எங்க சேர் போறீங்க, சோத்தெல்லாம் கட்டிக்கிட்டு?"

"பல்லேகமவுக்கு."

"மக வீடுங்களா?"

இல்லை என்றால் முழுக் கதையும் சொல்ல வேண்டும். "ஆமா" என்றேன்.

"அப்ப மக சமைக்காதா? பொண்ணு வீட்டுக்குச் சோறு கொண்டு போற அப்பாவ இன்னைக்குத்தான் பாக்குறேன்!" என்று சிரித்தார். "சம்சாரம் கட்டிக் குடுத்தாங்களா?"

அதற்கும் தலையை ஆட்டிவைத்தேன். பொய் என்றுதான் சொல்ல வேண்டும். இரத்தோட்டையைத் தாண்டி ஒரு தோட்டத்துச் சந்தியில் அவர் இறங்கினார். இறங்கும்போது, "ஆறிப்போறதுக்குள்ள சாப்பிட்டுருங்க சேர். அவங்க எந்திரிச்சு சமைச்சிருப்பாங்கல்ல" என்றார். அதன் பிறகு பல்லேகம வரைக்கும் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இரத்தோட்டைக்குப் பிறகு பாதை ஏறிக்கொண்டே போகிறது. வளைவுகள் அதிகம். தலைசுற்றல் உள்ளவர்கள் காலையில் வெறும் பிஸ்கட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. ரிவர்ஸ்டனை 8.35க்குத் தொட்டோம். சுற்றுலாப் பையன்கள் நான்கு பேர் இறங்கினார்கள். கதவு திறந்திருந்த அரை நிமிடத்தில் காற்று உள்ளே வந்து கண்டக்டரின் டிக்கட்டுகளைக் கலைத்துப்போட்டது. நாங்கள் அன்று நின்ற புல் மேடு ஜன்னலிலிருந்து தெரிந்தது. மறுபக்கம் இறக்கம். இலுக்கும்புரவைத் தாண்டியதும் வெயில் சுட ஆரம்பித்தது. ஸ்வெற்றர் போட்டிருந்தால் இங்கே கழற்ற வேண்டும். நீர்த்தேக்கம் வந்த பிறகு பல்லேகமவுக்கென்று கட்டிய புது நகரத்தில் 9.50க்கு இறங்கினேன். அங்கிருந்து சுனில் வீட்டுக்கு மூன்று கிலோமீற்றர், ஆட்டோவுக்கு 350 ரூபா.

சுனிலுக்கு நாற்பது வயதிருக்கும். வாசலிலேயே, "போன்ல பேசினது நான். ட்ரோன் ஓட்டுறது இவங்க" என்று உள்ளே கை காட்டினார். அவருடைய மனைவி செல்வி வந்தார். இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவர். கல்யாண வீடுகளுக்கும், யானை இறங்கிய வயல்களை மேலேயிருந்து படம் எடுக்கவும் அவரைத்தான் கூப்பிடுகிறார்களாம்.

"இவரு தமிழ் நல்லா பேசுறாரே" என்றேன்.

"கோவம் வந்தா இன்னும் நல்லா பேசுவாரு சேர். என்கிட்டயே படிச்சு என்னையவே ஏசுறது" என்றார் செல்வி. கேரியரைப் பார்த்துவிட்டு, "அய்யோ, எதுக்கு சேர் சாப்பாடெல்லாம்?" என்றார். நான் திறந்து காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. ஊதியதைத் துணியோடு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போய், மணல் நிரப்பிய ஒரு பழைய தகரத்துக்குள் வைத்துவிட்டு வந்தார்.

"இதப் போய் சோத்துச் சட்டில வச்சு மூடி வச்சிருக்கீங்களே. வெடிச்சிருந்தா? எவ்ளோ சார்ஜ்ல எடுத்து வச்சீங்க?"

"பூச்சியம். முழுசா இறக்கிட்டுத்தான் வச்சேன்."

"யாரு சேர் அப்படிச் சொல்லிக் குடுத்தது?"

"நான்தான் சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தேன். பள்ளிக்கூடத்துல."

செல்வி கையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு தன் பேட்டரிகளைக் காட்டினார். ஜன்னலுக்கு எட்டாத சீமெந்துத் தரையின் மூலையில், ஒரு மண் பானைக்குள் ஐந்து பேட்டரிகள். ஒன்றோடொன்று படாமல் இடையில் துணி. ஒன்றின் பொத்தானை அழுத்தினார். அதிலிருந்த நான்கு சிறு விளக்குகளில் இரண்டு எரிந்தன. "நாலு விளக்கு கல்யாணத்துக்கு. ரெண்டு விளக்கு வீட்டுக்கு. பாதி வயித்துலதான் சேர் இதுக எல்லாம் நல்லா தூங்கும். நாலுல வச்சா ஊதிரும், ஒண்ணுமில்லாம வச்சா செத்துரும்." வயர் கொடுத்து உசுப்பும் யோசனையைச் சொன்னேன். "வீட்டோட எரியும்" என்றார்.

அவருடைய பேட்டரி ஒன்றை என் ட்ரோனில் போட்டார். பதினைந்து மாதத்துக்குப் பிறகு அது ஒரு சத்தம் போட்டு விழித்தது. கேமரா தலையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தது. சுனில் கணினியில் வயரைச் செருகினார். உள்ளே ஒரே ஒரு படம். முதலில் பிரதி எடுங்கள், பிறகு பார்க்கலாம் என்றேன். எடுத்து, இன்னொரு தடவையும் எடுத்து, என் மெமரி கார்டில் போட்ட பிறகே ஓட்டச் சொன்னேன்.

இந்த ட்ரோன்களில் ஒலி பதியாது. புல் தெரிந்தது. எழும்ப எழும்ப நாங்கள் இருவரும் தெரிந்தோம். சரோஜாவின் பச்சைச் சேலை காற்றில் ஒரு பக்கமாக இழுபட்டது. கேமராவைப் பார் என்று அன்று நான் இரண்டு தடவை சொன்னேன். அவள் பார்க்கவில்லையோ என்று அப்போதே எனக்கு ஒரு சலிப்பு.

"அம்மா மேல பாக்கலியே சேர்" என்றார் செல்வி. திரும்பவும் ஓட்டினார். "உங்களத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. முழுக்க."

உண்மைதான். நாற்பத்தேழு வினாடியும் அவள் முகம் என் பக்கம்தான் இருந்தது. நான் குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

"நீங்க எதப் பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

"எத்தனை சதவீதம் இருக்குன்னு பாத்துக்கிட்டு இருந்தேன்" என்றேன்.

சுனில் எழுந்து போய்த் தேத்தண்ணீர் கொண்டுவந்தார். சாப்பாடும் போட்டார்கள். என் கேரியரைக் கழுவி, வெயிலில் காயவைத்துத் தந்தார்கள். செத்த இரண்டு பேட்டரிகளையும் ஊதியதோடு சேர்த்து, மின்கழிவு எடுக்க வருகிறவர்களிடம் கொடுத்துவிடுவதாகச் செல்வி சொன்னார். புறப்படும்போது பானையிலிருந்து பழைய பேட்டரி ஒன்றை எடுத்து நீட்டினார். "இது இனி பறக்கத் தாங்காது. தரையில வச்சு ட்ரோன முழிக்க வைக்க மட்டும் போதும். வச்சுக்கங்க சேர். ஆனா மாசா மாசம் பாக்கணும். ரெண்டு விளக்கு."

திரும்பும் பஸ் 1.30க்கு. ரிவர்ஸ்டனில் மூடுபனி இறங்கியிருந்தது. புல் மேடு தெரியவில்லை. மாத்தளை வரும்போது 4.45. வீட்டைத் திறந்து, கேரியரைச் சமையலறைத் தட்டில் வைத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று காலையிலேயே கண்டக்டரிடம் கேட்டுவையுங்கள். பயணத்துக்கு முதல் நாள் மாலையில்தான் பேட்டரியை முழுதாகச் சார்ஜ் செய்ய வேண்டும். பயணம் தள்ளிப்போனால் அதை அப்படியே நிறைத்து வைத்திருக்காதீர்கள், பாதிக்கு இறக்கிவிடுங்கள். பறந்து இறங்கிய சூட்டோடு சார்ஜரில் போடாதீர்கள். மலையில் குளிர் என்றால் பறக்கும்வரை சட்டைப் பையில் வைத்திருங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்துக்குள் விடாதீர்கள். படத்தை அன்றே பிரதி எடுத்துவிடுங்கள். இன்னொன்று, அறுபத்திரண்டு சதவீதம் இருக்கும்போது, காற்று விட்டால், இன்னும் கொஞ்ச நேரம் பறக்கவிடுங்கள். இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டா என்று தெரியாது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

செல்வி தந்த பேட்டரி இப்போது அலுமாரியின் கீழ்த்தட்டில், ஒரு மண் சட்டிக்குள் இருக்கிறது. படம் மூன்று இடத்தில் பிரதியாக இருப்பதால் அது எனக்கு உண்மையில் தேவையில்லை. ஆனாலும் ஒவ்வொரு மாதமும் முதலாம் தேதி பொத்தானை அழுத்திப் பார்த்து, கொப்பியில் எழுதி, செல்விக்கு "இரண்டு" என்று ஒரு செய்தி அனுப்புவேன். போன மாதம் காய்ச்சலில் படுத்திருந்ததால் மறந்துவிட்டேன். மூன்றாம் தேதி காலை ஒன்பது மணிக்குப் போன் அடித்தது.

"சேர், எத்தன விளக்கு?"

எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னேன்.