அம்மாவின் பொம்மைகள் தூங்கும் வீடு

"பொறுமையின் சிகரம்" என்று தொடங்கச் சொன்னார் ஊரிலிருக்கும் சித்தப்பா. அம்மாவை அறிந்தவர்கள் இந்த நினைவு மலரைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்துவிடுவீர்கள் என்பதால் அதை விட்டுவிட்டேன். எங்கள் அம்மா கோபக்காரர். வந்த வேகத்தில் கோபம் போய்விடும். போனதும் சூடாக ஒரு டம்ளர் காபி வரும். அந்தக் காபி வராமல் ஓராண்டு ஆகிவிட்டது.

அம்மா மன்னார்குடியில் பிறந்தார். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு கல்யாணம். அப்பாவுக்குக் கல்கத்தா துறைமுகத்தில் வேலை. அறுபதுகளின் கடைசியில் ஹௌராவில் வந்து இறங்கியபோது அம்மாவின் கையில் ஒரு தகரப் பெட்டி. உள்ளே வைக்கோல் சுற்றிய கொலு பொம்மைகள். "பாத்திரம் பண்டம் எடுத்துட்டு வருவான்னு பார்த்தா, பொம்மையத் தூக்கிட்டு வந்து நிக்கிறா!" என்று அப்பா வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

எனக்கு ஆறு வயதானபோது, டாலிகஞ்சில் டிராம் டிப்போவுக்குப் பின்சந்தில் ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்தன. சணல் வியாபாரத்தில் நன்றாக வாழ்ந்த ஒருவர் கட்டிய வீடு. சிவப்பு சிமெண்டுத் தரை, பச்சைப் பலகை அடுக்கிய சன்னல்கள், நடுவே முற்றம். முற்றத்தைப் பார்த்தபடி ஐந்து வளைவுகளோடு ஒரு பூஜை மண்டபம், தாக்குர்தாலான் என்பார்கள்; தாக்குர் என்றால் சாமி. ஒரு காலத்தில் அங்கே துர்க்கா பூஜை அமர்க்களப்படுமாம். நாங்கள் குடிவந்தபோது அங்கே கால் உடைந்த நாற்காலிகளும் அடுப்புக்கரி மூட்டைகளும் கிடந்தன. வீட்டுக்கார அம்மாள், நாங்கள் மாஷிமா என்று அழைத்தவர், கணவர் காலமான வருடத்தோடு பூஜையை நிறுத்திவிட்டார். பிள்ளைகள் இல்லை. பங்காளிகள் ஊருக்கொருவராய்ப் பிரிந்திருந்தார்கள்.

எங்கள் அறைகளில் கொலுப்படி வைக்க இடமில்லை. மழை பெய்தால் தண்ணீர் வேறு உள்ளே வந்துவிடும். அம்மா நேராக மாடிக்குப் போய் மண்டபத்தைக் கேட்டார். அம்மாவின் வங்காளத்தில் பாதி தமிழ் கலந்திருக்கும். மாஷிமா, "அங்கே விளக்கு எரிஞ்சு நாளாச்சு, போவ்மா. வைச்சுக்கோ" என்றார். போவ்மா என்றால் மருமகள். அன்று முதல் அம்மாவுக்கு அந்த வீட்டில் அதுதான் பெயர்.

அந்த முதல் கொலுவைப் பற்றிச் சொல்லாமல் அம்மாவைப் பற்றிச் சொன்னதாக ஆகாது. விஜயதசமி அன்று பெரியவர்களை வணங்கி ஆசி வாங்க மாஷிமாவின் கொழுந்தனார் சால்ட் லேக்கிலிருந்து வந்திருந்தார். அவரைச் சித்தப்பா முறை வைத்துக் காகு என்போம். அப்பா வேலைக்குப் போயிருந்தார். பாவம், மதராஸிப் பெண் தனியாக எப்படி ஆற்றங்கரைக்குப் போவாள் என்று காகுவுக்கு இரக்கம் வந்துவிட்டது. அம்மா குளித்துவிட்டு வருவதற்குள் தசாவதாரம் முழுவதும் கைரிக்‌ஷாவில் ஏறியாயிற்று. செட்டியார் பொம்மை அவர் மடியில்.

ஈரத்தலையோடு அம்மா தெருவுக்கு ஓடிய காட்சி எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது. "அய்யய்யோ! எங்க தூக்கிட்டுப் போறீங்க!" என்று ரிக்‌ஷாவின் முன்னால் கையை விரித்து நின்றுவிட்டார்.

காகு திகைத்துப்போனார். "பிஸர்ஜன், போவ்மா! தசமி ஆயிடுச்சே, தாக்குரை கங்கையில விட வேண்டாமா?"

"எங்க தாக்குர் கங்கைக்கும் போகாது, எங்கயும் போகாது! ராத்திரி ஒரு பொம்மைய படுக்க வைப்போம். பெட்டியில தூங்கும். அடுத்த வருஷம் எழுப்புவோம். இறக்குங்க முதல்ல!"

சந்தே கூடிச் சிரித்தது. காகு செட்டியாரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தார். மாஷிமா மட்டும் சிரிக்கவில்லை. "அப்போ உங்க சாமி வீட்டை விட்டுப் போறதே இல்லையா?" என்று இரண்டு தடவை கேட்டார். மறுநாள் தன் கல்யாணத்துக்கு வந்த தேக்குப் பெட்டியைக் காலி செய்து, பொம்மைகள் தூங்குவதற்கென்று மண்டபத்து மூலையில் போட்டுக் கொடுத்தார்.

அதன்பின் ஆண்டுதோறும் 'போவ்மாவின் தாக்குரை'ப் பார்க்கப் பங்காளிகள் ஒவ்வொருவராக வர ஆரம்பித்தார்கள். சுண்டலை, தங்கள் ஊர்ப் பட்டாணிப் பண்டமான குக்னியில் தேங்காய் போட்டது என்று சொல்லிக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். மாஷிமா எல்லாருக்கும் அரிசியும் பருப்பும் சேர்த்துக் கிச்சுடி செய்தார். பிள்ளைகள் முற்றத்தில் ஓடின.

ஆனாலும் வீடு வயதானது. மெட்ரோவுக்காகப் பெருஞ்சாலையைத் தோண்டிக்கொண்டிருந்த காலத்தில், ஒரு மழை நாளில், மண்டபத்துக் கூரையின் ஓரம் பெயர்ந்து விழுந்தது. அடுத்த வாரமே ஒரு கட்டடக்காரர் வந்து அடுக்குமாடிக்கு அளந்து பார்த்தார். பங்காளிகள் விற்றுவிடலாம் என்றார்கள். மாஷிமா வேண்டாம் என்றார்; ஒருவர் சொல்லி நிற்குமா? மருமகளாக வந்த வீட்டை விட்டு சால்ட் லேக்கில் ஓர் அறைக்குப் போக வேண்டுமே என்று அவர் சாப்பாட்டையே குறைத்துவிட்டார். அம்மா தினமும் மாடிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய், திட்டித் திட்டி ஊட்டுவார்.

அந்த ஆண்டு கொலுவின் ஒன்பதாம் நாளில், மண்டபத்திலேயே பங்காளிகள் கூடிப் பேசினார்கள். வாடகைக்கு இருப்பவள் வாய் திறக்கக் கூடாது என்று அப்பா முன்பே எச்சரித்திருந்தார். அம்மாவாவது கேட்பதாவது! சுண்டல் தட்டோடு நடுவில் போய் நின்றார்.

"உங்க வீடு, உங்க இஷ்டம். நான் எதுவும் சொல்ல வரல. நாளைக்கு நான் இதுங்களைப் படுக்க வைக்கணும். அடுத்த வருஷம் எழுப்புறேன்னு சொல்லித்தான் படுக்க வைப்பேன். எங்க எழுப்பட்டும்? அதை மட்டும் சொல்லிடுங்க."

காகு தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவிதான் பேசினார். "இந்த முற்றம் இல்லைன்னா நம்ம பிள்ளைங்க ஒருத்தரை ஒருத்தர் தெருவுல பார்த்தாக்கூடத் தெரியாது. நம்ம பங்கை விற்க நான் சம்மதிக்க மாட்டேன்" என்று கணவரைப் பார்த்துச் சொன்னார். காகு பெருமூச்சு விட்டு, "கூரையை நான் போட்டுத் தர்றேன்" என்றார். அதன் பிறகு ஒருவர் சன்னல்களையும் ஒருவர் மாடிப்படியையும் ஏற்றுக்கொண்டார்கள். வீடு நின்றது. அன்றிரவு அம்மா சமையலறையில் உட்கார்ந்து அழுதார். கேட்டதற்கு வெங்காயம் என்றார்.

சென்ற ஆடியில், அதே கீழ்த்தள அறையில், இதய நோயால் அம்மா எங்களை விட்டுப் போனார். கடைசி நாட்களில் மாஷிமா தன் முழங்கால் வலியோடு மாடியிலிருந்து இறங்கி வந்து தலைமாட்டில் உட்கார்ந்திருப்பார்.

துக்க வருடம் என்பதால் கொலு இல்லை என்று அப்பாவும் நானும் முடிவு செய்தோம். நவராத்திரி முதல் நாள் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் வகுப்பு முடிந்து வீடு திரும்பினால், மண்டபத்தில் விளக்கு எரிகிறது. தேக்குப் பெட்டி திறந்து கிடந்தது. மாஷிமா நாற்காலியில் அமர்ந்து அதிகாரம் செய்ய, காகு படியில் பொம்மைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"துக்கம் உங்களுக்கு. பொம்மைங்களுக்கு இல்லையே" என்றார் மாஷிமா. "எழுப்புறேன்னு போவ்மா வாக்குக் கொடுத்திருக்கா."

எல்லாம் தலைகீழாக இருந்தது. கடைசிப் படியில் தசாவதாரம். மேல்படியில், கலசம் இருக்க வேண்டிய இடத்தில், மளிகைக் கடையோடு செட்டியார். அப்பா செட்டியாரைப் பார்த்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா போன நாளில்கூட அவர் அப்படி அழவில்லை. தசமி இரவு காகு செட்டியாரைக் கையில் எடுத்து, "போவ்மா என்ன சொல்லிப் படுக்க வைப்பா?" என்று என்னைக் கேட்டார். சொல்லிக் கொடுத்தேன். "படுத்துக்கோ, அடுத்த வருஷம் எழுப்புறேன்" என்று அவர் தமிழிலேயே, தப்பும் தவறுமாக, சொன்னார்.

அம்மாவின் நோயில் வேளை பார்க்காமல் வந்த எங்கள் தெரு டாக்டருக்கும், கடைசிப் பயணத்தில் தோள் கொடுத்த துறைமுக நண்பர்களுக்கும், எங்கள் அடுப்பு எரியாத நாட்களில் சோறு அனுப்பிய வீடுகளுக்கும், ஊரிலிருந்து ஓடிவந்த சொந்தங்களுக்கும் நாங்கள் என்றும் கடமைப்பட்டிருக்கிறோம். மாஷிமாவுக்கும் காகுவுக்கும் எப்படி நன்றி சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த நவராத்திரிக்குப் பெட்டியை நாங்களே திறப்போம். அனைவரும் வர வேண்டும். படிகளைப் பார்த்து யாரும் திருத்தம் சொல்ல வேண்டாம்; கலசத்துக்குப் பக்கத்தில் இடம் பண்ணியாயிற்று, செட்டியார் இனி மேல்படியில்தான் இருப்பார் என்று அப்பா சொல்லிவிட்டார்.