கோடிப் புடவை வந்து சேர்ந்த நேரம்

சில வருஷங்களுக்கு முன்னால், ஓர் ஆடி மாதத்தில், சிதம்பரத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த என் கணவர் பிறகு எழவே இல்லை. எங்களுக்கு ஒரே மகள், கனடாவில் இருக்கிறாள். "நான் வர்றதுக்குள்ள அப்பாவ எடுத்துடாதீங்கம்மா" என்று போனில் கதறினாள்.

தெருமுனையில் அம்மன் கோயில். தெருவில் பிணம் கிடந்தால் நடை திறக்க மாட்டார்கள். மறுநாள் கூழ் ஊற்றுவதாக வேறு இருந்தது. என் கொழுந்தனார் போனில் தட்டிப் பார்த்தார். மகள் இருக்கும் ஊர் ஏர்போர்ட்டிலிருந்து சென்னைக்குப் பதினைந்து மணி நேரம் என்று வந்ததாம். "அப்புறம் கார்தானே, விடியறதுக்குள்ள வந்துடுவா. காலையில எடுத்துடலாம்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

நடுவில் ஓர் ஊரில் இறங்கி, வெகுநேரம் உட்கார்ந்திருந்து, வேறு விமானம் ஏற வேண்டும் என்று மகள் சொல்லியிருந்தாள். கதவோரம் நின்று மெதுவாகச் சொன்னேன்.

"போன்லயே போட்டிருக்குது அண்ணி, அது பொய்யா சொல்லும்? கடலூர் பஸ்ஸுல ஏறுனாலே வாந்தி எடுப்பீங்க, நீங்க பிளேனப் பத்திச் சொல்றீங்களா?" என்றார். ஆண்கள் கூடிய இடத்தில் அதற்கு மேல் எனக்குப் பேச வரவில்லை.

மறுநாள் பாடை கட்டி, மேளமும் வந்துவிட்ட பிறகுதான் மகள் சென்னையில் இறங்கினாள்.

எங்கள் பக்கம் கணவன் இறந்தால், பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடிப் புடவை வர வேண்டும். அது வராமல் எடுக்க மாட்டார்கள். குறிஞ்சிப்பாடியிலிருந்து என் தம்பி அதை எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தான். தோட்டத்துப் பக்கம் போய் அவனுக்குப் போன் போட்டேன்.

"பாப்பா இன்னும் வரலடா. மெதுவா வாயேன்."

"சரிக்கா. புவனகிரியிலயே எறங்கிக்கிறேன், அங்கேருந்து அரைமணிதான். பாப்பா வந்ததும் போன் பண்ணு."

"கோடி எடுக்கக் காஞ்சிபுரமே போயிட்டானா?" என்று வாசலில் கத்தினார்கள். கொழுந்தனார் போனிலேயே அவனைக் கண்டபடி திட்டினார். "பஸ்ஸு நின்னுபோச்சு மாமா" என்று மட்டும் சொன்னானாம்.

மகள் வந்தபோது ஐஸ் பெட்டிக்குள் அவர் முகம் கறுத்துப் போயிருந்தது. கன்னத்தைத் தொட்டு, "இவ்ளோ சில்லுன்னு இருக்காரேம்மா" என்றாள். தம்பி வந்து, யார் முகத்தையும் பார்க்காமல், என் தோளில் கோடியைப் போட்டான். உடனே தூக்கிவிட்டார்கள்.

போன வருஷம் தம்பியும் போய்விட்டான். அவன் சாவு வீட்டிலேயே ஒருவர், "அக்கா புருஷன் சாவுக்கே லேட்டா வந்தவனாச்சே" என்றார். அங்கேயும் எனக்கு வாய் எழவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த ஊருக்கும் எந்த ஊருக்கும் எவ்வளவு தூரம் என்று போனில் பார்த்துக்கொள்ளலாம்; அன்றைக்குப் புவனகிரிக்கும் சிதம்பரத்துக்கும் எவ்வளவு தூரம் என்பது அவனுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.