இன்னொருத்தி பெயரில் ஒரு வாரம்

கோ மன்-ஜென் வாழைத் தோட்ட ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவளுக்கு முப்பத்தொரு வயது ஆக நூற்றுச் சொச்சம் நாள் இருந்தது. அதற்குள் எண்பத்தெட்டு நாள் தோட்ட வேலை செய்ததற்குச் சம்பளச் சீட்டு வேண்டும். பிறந்த நாளுக்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் ஆஸ்திரேலியாவில் இரண்டாம் வருடம் இல்லை. விடுமுறையில் வந்து வேலை பார்க்கும் இந்த விசா இளையவர்களுக்கானது. முப்பத்தொன்று ஆகிவிட்டால் அரசாங்கக் கணக்கில் இளமை முடிந்தது.

தைவானில், ஜியாயி நகரத்துப் பல் மருத்துவமனை ஒன்றில் எட்டு வருடம் அவள் உதவியாளர். "எட்டு வருஷம் அடுத்தவங்க எச்சில உறிஞ்சு எடுத்தேன், போதும்" என்பாள். மெல்போர்னில் முதல் ஏழு மாதம் ஒரு ரொட்டிக் கடையில் இருந்தாள். மாவு பிசையக் கற்றுக்கொடுத்த முதலாளி, இரண்டாம் விசாவோடு வந்தால் இடம் வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் குயின்ஸ்லாந்தின் மழைக்குள் வந்து விழுந்தாள்.

பதினோரு பேர் தங்கும் வீடு. அதைக் குத்தகைக்கு எடுத்து, வேனும் ஓட்டி, தோட்டத்தில் எங்கள் தைவான் ஆட்களை வேலைக்குச் சேர்த்துவிடுகிறவர் லியாவ் அண்ணன். அந்த வீட்டில் காலையில் "சாப்டாச்சா" என்று யாரும் கேட்பதில்லை. "எத்தனை?" என்பார்கள். முப்பத்தாறு, அறுபத்திரண்டு என்று பதில் வரும். திங்கள் முதல் வெள்ளி வரை முழு வாரம் உழைத்தால் சனி ஞாயிறும் சேர்ந்து ஏழு நாள். மழையால் ஒரு நாள் நின்றுபோனால் நான்கு நாள் வேலைக்கு நான்கு நாள்தான். அந்த வருடம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டது.

பிப்ரவரி முதல் ஞாயிறன்று மன்-ஜென்னின் எண்ணிக்கை எண்பத்தொன்று. இன்னும் ஒரே ஒரு முழு வாரம். அதற்கடுத்த வாரம் புதன்கிழமை பிறந்த நாள். அந்த ஞாயிறு காலை துணி காயப்போடப் போனவள் பின்வாசல் படியில் வழுக்கி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. மூன்று வாரம் கையை அசைக்கக் கூடாது என்றார் மருத்துவர்.

கட்டுப் போட்ட கையோடு சமையலறையில் உட்கார்ந்திருந்தவளிடம் இயன் பெய்-ஷான் வந்தாள். இருபத்தாறு வயது, தைவானின் ஹுவாலியன்காரி, அந்த வீட்டிலேயே அதிகச் சத்தமாகப் பேசுகிறவள். தன் எண்பத்தெட்டை எப்போதோ முடித்து, இரண்டாம் விசா கைக்கு வந்து, ஆப்பிள் சீசனுக்காகத் தெற்கே போகக் காத்திருந்தாள்.

"அக்கா, உன் தொப்பியும் பேர் அட்டையும் குடு."

"எதுக்கு?"

"ஒரு வாரம் முப்பது வயசுக்காரியா இருந்து பாக்குறேன். இடுப்பு எப்படி வலிக்குதுன்னு தெரிஞ்சுக்கணும்ல."

"விளையாடாத, ஷான்."

"யாரு விளையாடுறா? எனக்குக் காய்ச்சல் வந்தப்ப பதினோரு நாள் கஞ்சி வெச்சுக் குடுத்தியே, அதுல அஞ்சு நாளத் திருப்பிக் குடுக்குறேன். மிச்சத்துக்கு அப்புறம் பாத்துக்கலாம்."

இது புதிது அல்ல. நாள் முடிந்தவர்கள் முடியாதவர்களின் பெயரில் போய் வேலை செய்து கொடுப்பது எங்களுக்குள் நடக்கிற காரியம். தொப்பி, முகமூடி, நீளக்கை சட்டை. தோட்டத்து மேற்பார்வையாளர்களுக்கு எங்கள் முகங்கள் எல்லாம் ஒன்றுதான். அது அவமானமாக இருந்தது. வசதியாகவும் இருந்தது. லியாவ் அண்ணனிடம் கேட்டார்கள்.

"அட்டையும் ஆளும் வேன்ல ஏறினாப் போதும். நான் எதையும் பாக்கல" என்றார் அவர்.

நான்கு நாள் பெய்-ஷான் கொட்டகையில் சீப்பு பிரித்துப் பெட்டி கட்டினாள். மாலையில் வந்து, "மன்-ஜென்னு கூப்பிட்டதும் திரும்பிப் பாக்கப் பழகிட்டேன். நீ என்னை என் பேரச் சொல்லிக் கூப்பிட்டா யாரோன்னு இருக்கு" என்று சிரித்தாள். வெள்ளிக்கிழமை தோட்டத்துக்குள் ஆள் குறைந்ததால் தார் ஏற்றுகிற இடத்துக்கு அவளை அனுப்பினார்கள். மதியம் மூன்று மணிக்கு, ஈரச் சரிவில் டிராக்டர் சறுக்கியது. பின்னால் இழுத்து வந்த வண்டி தாரோடு கவிழ்ந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்து வந்தவள் அடியில் போனாள்.

ஹெலிகாப்டரில் ஏற்றும்போது அவள் கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்துத்தான் பெயர் எழுதினார்கள்.

மன்-ஜென்னுக்கு விஷயம் தெரிந்து கால் மணி நேரத்தில் அவள் போன் அடித்தது. ஜியாயி கடற்கரையில் சிப்பி உரிக்கிற அவள் அம்மா. தோட்டத்து அலுவலகம், அவசரத்துக்குக் கொடுத்திருந்த எண்ணில் மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசியிருந்தது.

"யாரு... யாரு பேசுறது?"

"நான்தாம்மா."

"நீயா? நீதானா? தலையில அடின்னாங்க, மயக்கம்னாங்க."

"நான் வீட்டுல இருக்கேம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல."

அம்மா அழுதாள், சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள். பிறகு கேட்டாள். "அப்ப அங்க படுத்திருக்கிறது யாரு?"

மன்-ஜென் சொன்னாள்.

"அவங்க வீட்டுல சொல்லியாச்சா?"

"திங்கக்கிழமை சம்பளச் சீட்டு வருதும்மா. விண்ணப்பத்த அனுப்பிட்டுச் சொல்லிடலாம்னு அண்ணன் சொல்றாரு. அதுக்குள்ள அவளே முழிச்சுக்குவாளாம்."

"நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல" என்றாள் அம்மா. "எனக்கு எதுவும் தெரியாது. நீ பாத்துக்கோ."

லியாவ் அண்ணன் சொன்ன கணக்கு எளிது. வெள்ளிக்கிழமை வேலை முடிகிற நேரத்துக்குத்தான் விபத்து. வாரம் முழுசு. எண்பத்தொன்றும் ஏழும் எண்பத்தெட்டு. இப்போது வாய் திறந்தால் ஆள்மாறாட்டம். விசா போகும், அவர் வேன் போகும், அந்த வீட்டில் மீதி ஒன்பது பேரின் நாட்களையும் தோண்டுவார்கள்.

"உன் ஒருத்திக்காக இல்ல, ஜென். எல்லாருக்காகவும்தான் சொல்றேன். ரெண்டு நாள்ல என்ன ஆயிடப்போகுது?"

வீட்டில் ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. சனிக்கிழமை முழுதும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது, யாரும் பார்க்கவில்லை. பெய்-ஷானின் போன் அவள் படுக்கையில் கிடந்தது. "அம்மா" என்று இரண்டு முறை ஒளிர்ந்து அணைந்தது.

ஞாயிறு மதியம் மன்-ஜென் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். தோழி என்று சொன்னதும் உள்ளே விட்டார்கள். தலையில் கட்டு, வாயில் குழாய். கட்டிலுக்கு மேலே பலகையில் மன்-ஜென்னின் பெயர். வெள்ளை முடி நர்ஸ் ஒருத்தி நோயாளியின் விரல்களைப் பிடித்துக்கொண்டு காதருகே குனிந்தாள்.

"மன்-ஜென். கண்ண தொறம்மா, மன்-ஜென். என் கைய அழுத்து பாக்கலாம்."

கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டாள். பிறகு அட்டையில் எதையோ குறித்தாள்.

"ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவ பேரச் சொல்லிக் கூப்பிட்டுப் பாக்குறோம்" என்று மன்-ஜென்னிடம் சொன்னாள். "வெள்ளிக்கிழமையிலேர்ந்து ஒரு தடவகூட அசையல. நீ உங்க பாஷையில கூப்பிட்டுப் பாரேன். தெரிஞ்ச குரலுக்குச் சில பேர் திரும்புவாங்க."

மன்-ஜென் வாயைத் திறந்தாள். எந்தப் பெயரைச் சொல்வது? நர்ஸ் காத்திருந்தாள்.

"அது இவ பேர் இல்ல" என்றாள் மன்-ஜென். "அது என் பேரு."

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. மருத்துவர் வந்தார், போலீஸ் வந்தது, பலகையில் பெயர் மாறியது. நர்ஸ் சரியான பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். மன்-ஜென்னும் கூப்பிட்டாள். விரல் அசையவில்லை. ஹுவாலியனுக்குத் தகவல் போனபோது அங்கே ஞாயிறு மாலை. பெற்றோர் திங்கள் மதியம் விமானம் ஏறினார்கள். பெய்-ஷான் செவ்வாய் விடிகாலையில் இறந்தாள். அவர்கள் பிரிஸ்பேனில் அடுத்த விமானத்துக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தால் ஞாயிறன்று மகளின் கட்டிலருகே இருந்திருப்பார்கள். யாரும் அதை மன்-ஜென்னிடம் சொல்லிக்காட்டவில்லை, அவசியமும் இல்லை.

திங்கட்கிழமையே சம்பளச் சீட்டு வந்திருந்தது. விசாரணையில் எத்தனை நாள் உன்னுடையது என்று கேட்டதற்கு எண்பத்தொன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இடது கையால் போட்டதால் பாஸ்போர்ட்டில் இருப்பதோடு ஒத்துப்போகவில்லை என்று இன்னொரு முறை போடச் சொன்னார்கள்.

புதன்கிழமை பெய்-ஷானின் பெற்றோருக்கு இடம் காட்ட அவள்தான் போனாள். லியாவ் அண்ணன் ஊரில் இல்லை. வாடகைக் காரை அப்பா ஓட்டினார், பின் இருக்கையில் அவள். அன்று அவளுக்கு முப்பத்தொன்று.

சரிவில் டயர் தடம் இன்னும் இருந்தது. அம்மா மகளின் மஞ்சள் சட்டையை இரு கையாலும் ஏந்திக்கொண்டாள். அப்பா ஊதுபத்தி கொளுத்தினார். போனில், ஹுவாலியன் கோவில் பூசாரி மணியை ஆட்டி மந்திரம் சொன்னார். சிக்னல் விட்டு விட்டு வந்தது. வெளியூரில் விபத்தில் போனவர்களை அந்த இடத்திலிருந்து பெயர் சொல்லி அழைத்துக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் அங்கேயே நிற்பார்கள். குடைக்கு அடியில் கூட்டிப்போய், பாலம் வரும்போதெல்லாம் சொல்லிக்கொண்டே போக வேண்டும்.

"பெய்-ஷான், அம்மா வந்திருக்கேன். வீட்டுக்குப் போகலாம் வா."

அப்பா இரண்டு தைவான் காசுகளை மண்ணில் போட்டார். ஒன்று தலை, ஒன்று பூ என்றால் வந்துவிட்டாள் என்று அர்த்தம். இரண்டும் தலை. மறுபடி அழைத்தார்கள். இரண்டும் பூ. ஆறு முறை ஆயிற்று. தூறல் விழுந்து ஊதுபத்தி அணைந்தது.

அம்மா முதல் முறையாக மன்-ஜென்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீ கூப்பிடு."

"பெய்-ஷான்" என்றாள் மன்-ஜென். காசு விழுந்தது. இரண்டும் பூ.

"அந்தப் பேரு இல்ல. உன் பேரு."

அவள் மண்ணில் கிடந்த காசுகளைப் பார்த்தாள்.

"கூப்பிடும்மா. அஞ்சு நாளா அந்தப் பேருக்குத்தானே எம் பொண்ணு இங்க திரும்பிப் பாத்தா?"

அம்மாவின் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மன்-ஜென் வாழை வரிசைகளைப் பார்த்துத் தன் பெயரைச் சொன்னாள். இன்னும் சத்தமாக என்றாள் அம்மா. மறுபடி கூப்பிட்டாள், வீட்டுக்குப் போகலாம் வா என்றும் சொன்னாள்.

ஒரு தலை, ஒரு பூ.

அப்பா காசுகளைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கறுப்புக் குடையை விரித்தார். தான் நனைந்தபடி, குடைக்கு அடியில் யாரோ வருவது போல் தள்ளிப் பிடித்துக்கொண்டு காருக்கு நடந்தார். பின்கதவைத் திறந்து, குடையைச் சாய்த்துக் காத்திருந்தார்.

"ஏறும்மா. பாத்து. வழியில மூணு பாலம் வருது, ஒவ்வொண்ணா அப்பா சொல்றேன்."

குடையைப் பின் இருக்கையில், மன்-ஜென் உட்கார்ந்து வந்த இடத்தில், விரித்த மேனிக்கே வைத்தார். அம்மா முன்னால் ஏறினாள். கதவு மூடிக்கொண்டது, கார் கிளம்பியது.

மன்-ஜென் கட்டுப் போட்ட கையை மார்போடு அணைத்துக்கொண்டு பதினாலு கிலோமீட்டர் நடந்து ஊருக்குப் போனாள்.