ரஸ்டி ஹிஞ்சஸ் பாடகனைத் தேடிய நார்பர்ட்

நார்பர்ட் டிரெசலுக்கு எல்லாவற்றைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம் உண்டு. அது மாறாது. பாட்டு மூன்று நிமிஷத்தைத் தாண்டினால் பிரசங்கம். கிதாரை ஒழுங்காகச் சுருதி சேர்த்துவிட்டு மேடை ஏறுகிறவன் பேங்க் வேலைக்குப் போகலாம். ஒரு குழுவின் முதல் ரெக்கார்டுதான் உண்மை, இரண்டாவது அந்த உண்மையை விற்றுத் தின்றது. பக்கத்து வீட்டுக் கார் ஷெட்டில் நாலு பையன்கள் வாத்தியங்களோடு சண்டை போடுவது சுவரைத் தாண்டிக் கேட்கிற மாதிரி இருந்தால்தான் அது கராஜ் ராக். பெண் குரலா? பின்னால் நின்று "ஊ ஊ" போடட்டும், அதற்கு மேல் வேண்டாம். இதை அவன் என் முகத்தைப் பார்த்தே சொல்வான்.

டொலீடோவில் முப்பத்து நாலு வருஷமாக ரெக்கார்டுக் கடை வைத்திருக்கிறவள் நான், டார்லீன். நார்பர்ட் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன். சனிக்கிழமையானால் நான் பூட்டைத் திறக்கும் முன்பே வாசலில் நிற்பான். உள்ளே வந்ததும் கவுண்டரில் சாய்ந்துகொண்டு, வாடிக்கையாளர் கையிலிருக்கும் ரெக்கார்டைப் பிடுங்கி, "சார், இதை வாங்கறதுக்கு அந்தக் காசுல சாண்ட்விச் தின்னுங்க" என்பான்.

"என் பொழப்பைக் கெடுக்கறதுக்குன்னே உங்கம்மா உன்னைப் பெத்து விட்டிருக்காய்யா" என்பேன்.

"நல்லது சொன்னா உனக்குக் கசக்குது அம்மணி" என்பான்.

இந்த அபிப்பிராயங்களையெல்லாம் டைப்ரைட்டரில் தட்டி, பன்னிரண்டு பக்கம் நகலெடுத்து, ஸ்டேப்பிளர் அடித்து, 'கீறல்' என்ற பெயரில் தபாலில் அனுப்புவான். ஒன்பது நாடுகளில் இருநூற்றுச் சொச்சம் பேர் படிக்கிறார்கள். ஒசாகாவில் ஒருவர் தன் நாய்க்கு நார்பர்ட் என்று பெயர் வைத்திருப்பதாக எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு ஒரு வருஷம் திரிந்தான்.

அவனுடைய பெயருக்கெல்லாம் ஆதாரம் ஒரே ஒரு ரெக்கார்டு. எண்பத்தொன்பதில் ஒரு சர்ச்சின் நிலவறையில் நடந்த பழைய சாமான் விற்பனையில், போல்கா நடன ரெக்கார்டுகளுக்கு நடுவில், உறைகூட இல்லாமல் கிடந்தது. குழுவின் பெயர் தி ரஸ்டி ஹிஞ்சஸ். துருப்பிடித்த கதவுக் கீல்கள்! அந்தப் பெயருக்காகவே வாங்கினான். பாட்டின் பெயர் 'வாசல்லயே நில்லு'. பாடியவர் பெயர் இல்லை, வருஷம் இல்லை. லேபிளில் 33 என்று மட்டும் ஓர் எண்.

இது மாதிரி ஏழு அங்குலச் சின்ன ரெக்கார்டு என்றால் ஊர் உலகமெல்லாம் நிமிஷத்துக்கு நாற்பத்தைந்து சுற்று என்ற வேகத்தில்தான் சுற்றும். இது முப்பத்துமூன்றில் மெதுவாகச் சுற்ற வேண்டும் என்கிறது லேபிள். அந்த ஓர் எண்ணுக்காகவே நார்பர்ட் 'கீறல்' இதழில் மூன்று பக்கம் எழுதினான். எல்லாரும் ஓடிக்கொண்டிருந்தபோது இவன் ஒருவன் நடந்தான் என்று. கேட்டால் உங்களுக்கும் அப்படித்தான் தோன்றும். டிரம் ஒவ்வோர் அடியும் நெஞ்சில் விழும். அதன் மேல் கனத்த ஆண் குரல், வார்த்தையை இழுத்து இழுத்து, "வாசல்லயே நில்லு, உள்ளே அப்பா இருக்கார்" என்கிறது. ஜெயிலிலிருந்து திரும்பிய தம்பியை அண்ணன் வாசலில் மறிக்கிறான் என்பது நார்பர்ட்டின் விளக்கம். மொத்தம் இரண்டு நிமிஷம் ஐம்பத்தாறு நொடி.

உலகத்தில் அந்த ரெக்கார்டுக்கு வேறு பிரதி இல்லை. அதிலிருந்து இவன் பதிந்து கொடுத்த கேஸட்டுகள்தான் நாடு நாடாகப் போயின. அதை வேறொருவர் தொட விடமாட்டான், நான் உட்பட.

அந்தப் பாடகனை மட்டும் கண்டுபிடிக்க முடியவில்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினான். பழைய டெலிபோன் புத்தகங்கள், கல்லறைக் கற்கள், மூடிய கண்ணாடித் தொழிற்சாலைகளின் சம்பளப் பட்டியல்கள், எதையும் விடவில்லை. கல்யாணம்கூடச் செய்துகொள்ளவில்லை. "அவன் பேரைத் தெரிஞ்சுக்காம நான் சாக மாட்டேன் அம்மணி" என்பான். நான் பாடினேன் என்று சொல்லிக்கொண்டு நாலு ஆண்கள் வந்தார்கள். கவுண்டர் முன்னால் நிறுத்திப் பாடச் சொன்னான். நாலு பேருமே புளுகர்கள். அவர்களைக் கிழிப்பதற்கென்றே 'பொய்யர் பக்கம்' என்று ஒரு பகுதியை ஆரம்பித்தான்.

ஐந்தாவதாக வந்தவள் ஒரு பெண்மணி. இரண்டாயிரத்து எட்டு நவம்பர், முதல் பனி விழுந்த நாள். அன்று எனக்குச் சரக்கு வர வேண்டிய நேரம். வாசலை அடைத்துக்கொண்டு ஒரு நீலக் கார் நின்றது, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, முன் சீட்டில் கம்பளிக்குள் சுருண்டு ஒரு கிழவி. எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது.

"யாரோட காரும்மா அது? லாரி எங்க நிக்கும், என் தலையிலயா?"

"என்னோடதுதான். ரெண்டு நிமிஷத்துல எடுத்துடறேன்" என்றாள் அவள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேலிருக்கும். கையில் மாவு காய்ந்திருந்தது. தன் பெயரையும், ஒரு சர்ச்சில் சமைப்பதையும் சொன்னாள். சுவரில் ஒட்டியிருந்த லேபிளின் நகலைக் காட்டி, "அதைப் பாடினது நான்தான். எங்கிட்ட ஒரு ரெக்கார்டுகூட இல்ல. ஒரே ஒரு தரம் போட்டுக் காட்டுவீங்களா சார்?" என்றாள்.

நார்பர்ட் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான். சனிக்கிழமைக் கூட்டம். "பாடுங்க" என்றான்.

அவள் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டே, மெல்லிய குரலில் துள்ளலாகப் பாடினாள். நாலு வரிதான் பாடியிருப்பாள்.

"போதும் தாயே! அந்த ஆம்பளை பாடறான், நீங்க அணில் மாதிரி கீச்சு கீச்சுங்கறீங்க" என்றான் நார்பர்ட். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். எதற்கு மூடி மறைக்க, வயிறு வலிக்கச் சிரித்தேன்.

"ஒரு தரம் கேட்டுட்டுப் போயிடறேனே" என்றாள் அவள்.

"ரெண்டு நிமிஷம் ஆச்சு. காரை எடுங்கம்மா!" என்று நான் கத்தினேன். அவள் போய்விட்டாள். அடுத்த 'கீறல்' இதழின் பொய்யர் பக்கத்தில் அவள் பெயரையும் அவள் எந்தச் சர்ச்சில் சமைக்கிறாள் என்பதையும் அச்சடித்து, 'அணில் அக்கா' என்று தலைப்பும் வைத்தான்.

பதினோரு வருஷம் போயிற்று. போன அக்டோபரில் ஒரு சின்னக் கம்பெனி ரஸ்டி ஹிஞ்சஸ் ரெக்கார்டை மறுபடி அச்சிட முன்வந்தது. பாடகர் பெயர் தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்றே போடுவதாகச் சொன்னார்கள். அது நார்பர்ட்டுக்கு மகா அவமானம். ரெக்கார்டைத் தபாலில் அனுப்பவும் மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றதால், வெண்டல் என்ற ஒலிப்பதிவாளர் பெட்டி படுக்கையோடு என் கடைக்கே வந்தார். செவ்வாய்க்கிழமை காலை, கடை திறக்கும் முன்னால். நார்பர்ட் சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டிக்கொண்டு வந்திருந்தான்.

வெண்டல் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். மறுபடி கேட்டார்.

"இது எங்க பதிவு பண்ணினது?"

"இந்த ஊர்லதான். ஏன்?"

"அந்தக் காலத்து ரெக்கார்டிங் பெட்டிகள்ல பின்னாடி கரண்ட் சத்தம் ஒண்ணு ரீங்காரம் போட்டுக்கிட்டே இருக்கும். நம்ம நாட்டுக் கரண்ட் அறுபதுல ரீங்காரம் போடும். எந்த ஊர் போனாலும் அறுபதுதான். உங்க ரெக்கார்டுல அது நாப்பத்தி நாலுல இருக்கு."

"அதனால?" என்றான் நார்பர்ட்.

"அதனால, இது சுத்த வேண்டியதைவிட மெதுவாச் சுத்துது, லேபிள் தப்பு. யாரோ எண்ணை மாத்தி அடிச்சிருக்கான். நீங்க எப்பவாவது நாப்பத்தஞ்சுல போட்டுப் பார்த்தீங்களா?"

நார்பர்ட் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். முப்பது வருஷம்! என் கடையில் நாலு டர்ன்டேபிள் இருக்கிறது. அந்தச் சுவிட்சைத் தள்ள ஒரு விரல் போதும். லேபிளில் அச்சடித்திருக்கிறதே என்று நாங்கள் யாரும் தள்ளவில்லை.

வெண்டல் தள்ளினார்.

கிதார் சிரித்தது, டிரம் குதித்தது, அதன் நடுவில் பதினைந்து வயதுக்கு மேல் போகாத ஒரு பெண் மூச்சுவிடாமல் பாடினாள். காதலனைக் கெஞ்சுகிறாள்: வாசல்லயே நில்லு, உள்ளே அப்பா இருக்கார். அண்ணனும் இல்லை, ஜெயிலும் இல்லை. இரண்டு நிமிஷம் பத்து நொடியில் முடிந்துவிட்டது.

நார்பர்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"அம்மணி," என்றான், "அந்த அணில்..."

எனக்கு அதற்கு முன்பே புரிந்துவிட்டது. அந்த நாலு வரியும், அதே துள்ளலோடு, பதினோரு வருஷம் கழித்து என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. பின்னறைக்கு ஓடி, பழைய 'கீறல்' கட்டை அவிழ்த்துக் கொட்டினேன். பொய்யர் பக்கம். மார்கிட் ஒரோஸ். ஆற்றுக்குக் கிழக்கே ஹங்கேரியர்களின் சர்ச்.

"நீயே போயிட்டு வந்துடேன். எனக்கு முகம் இல்ல" என்றான் நார்பர்ட்.

"அன்னிக்கு அவளை விரட்டறப்போ மட்டும் முகம் இருந்துச்சாக்கும்? எழுந்திருய்யா!"

சர்ச் சமையலறைக்குப் போன் செய்து வீட்டைத் தெரிந்துகொண்டு, அன்று மத்தியானமே போனோம். கையில் ரெக்கார்டும் ஒரு சின்ன டர்ன்டேபிளும். மணி அடித்ததும் அவளே வந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. எங்களைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள்.

"வாசல்லயே நில்லுங்க" என்றாள்.

நின்றோம். நார்பர்ட் ஒன்று விடாமல் சொன்னான். லேபிள், கரண்ட், வேகம், தன் வாய்க்கொழுப்பு, எல்லாம். சொல்லும்போது அறுபது வயது மனிதனுக்குக் குரல் உடைந்தது. முடிந்ததும் கதவை அகலத் திறந்தாள்.

நாற்பத்தைந்தில் போட்டோம். மார்கிட் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது. பெட்டியில் இருநூறு ரெக்கார்டு வந்து இறங்கிய அன்றே அப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டதாம். நாலு பையன்களோடு கார் ஷெட்டில் மகள் பாடினாளா என்று கரி அள்ளும் மண்வெட்டியால் பெட்டியோடு அடித்து நொறுக்கிவிட்டாராம். பெட்டியைப் பிரித்ததுமே டிரம் அடித்த பையன் எடுத்துப்போன ஒன்றுதான் மிச்சம். அதற்குப் பிறகு அவள் பாடவில்லை.

"புது ரெக்கார்டுல உங்க பேரு வரணும்மா. எப்படிப் போடட்டும்?" என்றான் நார்பர்ட்.

"ஏற்கனவே ஒரு தரம் சரியாத்தானே அச்சடிச்சீங்க. அதே மாதிரி போடுங்க."

நார்பர்ட் தலையைக் குனிந்துகொண்டான். அவள் காப்பியும் வால்நட் அடைத்த ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். அப்புறம், "முப்பது வருஷமா நீங்க எப்படித்தான் கேட்டீங்க? அதையும் போடுங்க, நானும் சிரிக்கிறேன்" என்றாள்.

அவன் தயங்கித் தயங்கி முப்பத்துமூன்றுக்குத் தள்ளினான். டிரம் கனத்து விழுந்தது. அந்த ஆண் குரல் வந்தது. வாசல்லயே நில்லு, உள்ளே அப்பா இருக்கார்.

மார்கிட் கையிலிருந்த கப் மேஜைமேல் சாய்ந்து காப்பி ஓடியது. அவள் பார்க்கவில்லை.

"அப்பு" என்றாள். அவர்கள் வீட்டில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "அப்பு பாடறார்... இது அப்புவோட குரல்!"

நார்பர்ட் பதறி ஊசியைத் தூக்கப் போனான். அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்து ரெக்கார்டு வெறுமனே சுற்றும்வரை விடவில்லை. உடைத்துப் போட்ட மனுஷன், மெதுவாகிப்போன மகளின் குரலுக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தார்.

"அவர் குரல் எங்ககிட்ட எதுலயும் இல்ல" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். "அன்னிக்கு உங்க கடை வாசல்ல ஒரு கார் நின்னுச்சே, ஞாபகம் இருக்கா?"

நீலக் கார். கம்பளி.

"அதுல எங்கம்மா உக்காந்திருந்தா. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போற வழி. அப்பு போய் இருபத்தேழு வருஷம் ஆயிருந்துச்சு அப்போ. அந்த மனுஷன் குரலை ஒரு தரம் கேட்டுட்டா போதும்னு அவ சொல்லாத நாள் இல்ல. நீங்க அன்னிக்கு இதைப் போட்டிருந்தா, நான் ஓடிப்போய் அவளைக் கூட்டிட்டு வந்திருப்பேன். அடுத்த பிப்ரவரியிலயே அம்மா போயிட்டா."

ரெண்டு நிமிஷம் ஆச்சு, காரை எடு என்று கத்தினவள் நான்தானே. மேஜைமேல் ஓடிய காப்பியை என் கைக்குட்டையால் துடைத்தேன். நார்பர்ட்டிடம் இதைப் பற்றி ஓர் அபிப்பிராயம் இல்லை.

கம்பெனிக்கு வேண்டியதை வெண்டல் காலையிலேயே பதிந்து முடித்திருந்தார். நார்பர்ட் எழுந்து, யாரையும் தொட விடாத அந்த ரெக்கார்டை இரண்டு கையாலும் எடுத்து மார்கிட்டிடம் நீட்டினான். "இது உங்ககிட்டயே இருக்கட்டும்மா" என்றான்.

அவள் வாங்கிக்கொண்டாள்.

"மெஷினையும் வெச்சிட்டுப் போங்க" என்றாள்.

வைத்துவிட்டு வந்தோம். நாங்கள் படியிறங்கிக் காரிடம் வருவதற்குள் உள்ளே மறுபடி ஆரம்பித்துவிட்டது. முப்பத்துமூன்றில்தான் போட்டிருந்தாள்.